பொட்டுக்கு அடியில் இருந்த தேதி

1

வருடத்துக்கு ஒருமுறை என் கணவர் ஒரு அதிகாரியின் முன்னால் நின்று, பக்கத்தில் நிற்கும் இந்தப் பெண் என் மனைவிதான் என்று சொல்ல வேண்டும். அவர் வராவிட்டால் என் பாஸ் நீளாது. பாஸ் என்பது இந்த நாட்டில் நான் தங்குவதற்கான அனுமதி. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒட்டித் தருவார்கள். பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு ஒரேயடியாக ஐந்து வருடம் கொடுக்கிறார்களாம். அந்தச் சிலர் யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் முகம் எனக்குப் பிடிக்காது.

போன முறை கவுன்ட்டரில் இருந்தது ஒரு சின்னப் பெண். மனைவியா என்று மலாயில் கேட்டாள். என் கணவர் சேகர் "யா, யா" என்று தலையை வேகமாக ஆட்டினார். இத்தனை வருடத்தில் வீட்டில் ஒருநாள் கூட அவர் என்னை இவ்வளவு உறுதியாக ஒப்புக்கொண்டதில்லை.

பணம் கட்டக் கூப்பிடும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மணப்பாறையிலிருந்து என் தங்கை செல்வியின் குரல் போனில் வந்தது. மூச்சு வாங்க வாங்கப் பேசி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, மலேசியாவுக்கு இப்பல்லாம் விசாவே வேணாமாம்ல! பாஸ்போர்ட்டும் ரிட்டன் டிக்கெட்டும் இருந்தா முப்பது நாளு இருக்கலாமாம். பக்கத்து வீட்டுக்காரங்க போயிட்டே வந்துட்டாங்க. நான் கெளம்பி வரப்போறேன் பாரு!"

கூடப்பிறந்தவள் வருகிறேன் என்கிறாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு வார்த்தையில் சொல்லி அழகுபடுத்த விரும்பவில்லை. கையில் டோக்கன் சீட்டோடு, ஐந்து மாதத்துக்கு முன்பே சேர்க்கத் தொடங்கிய காகிதக் கட்டோடு, புருஷனைச் சாட்சிக்குக் கூட்டிவந்து உட்கார்ந்திருக்கும் என்னிடம், விசாவே வேண்டாமாம் என்கிறாள் அவள்.

"உன் தங்கச்சியா? வரட்டும்லா. பிரிஞ்சாங் பசார் மாலாம் கூட்டிட்டுப் போயி நல்லா சுத்திக் காட்டலாம்" என்றார் சேகர். வார இறுதியில் பிரிஞ்சாங்கில் கூடும் சந்தை அது. இந்த மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் மெரினா.

"வரட்டும்" என்றேன் நானும்.

2

நான் வந்த கதையை ஊரில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. ஏர்போர்ட்டில் மாலையோடு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, கொடுத்துவைத்தவள் என்று சொன்னதோடு சரி.

சேகரின் தாத்தா காலத்தில் மணப்பாறைப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம் அது. தோட்டம் என்றால் இங்கே கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெண் தேடி ஊருக்கு வந்தார்கள். அப்பா என்னைக் காட்டினார். கல்யாணம் முடிந்து சேகர் திரும்பிவிட்டார். நான் விசாவுக்காகச் சென்னைக்கும் மணப்பாறைக்கும் அலைந்தேன். ஒருமுறை போட்டோவில் காது தெரியவில்லை என்று சொன்னார்கள். இன்னொருமுறை கல்யாணப் பத்திரிகை போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது நான் எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். புதுத் தாலியோடு ஐந்து மாதம் பிறந்த வீட்டிலேயே கிடந்ததில், தெருவில் ஒருத்தி, மாப்பிள்ளை விட்டுட்டாரா என்றே கேட்டுவிட்டாள்.

அந்த ஐந்து மாதமும் செல்வி என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். நீ போகலைன்னா நான் போறேன்க்கா, அவருக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானே என்று விளையாட்டாகச் சொல்லுவாள். அப்போது அவளுக்கு வயது பதினெட்டு. நான் தலையணையால் அடிப்பேன்.

விமானத்தில் ஒரு வெள்ளை அட்டை கொடுத்தார்கள். அதை நிரப்பத் தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தேன். என்ன வேலை என்ற இடத்தில் அவர் எதையோ எழுதினார், எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அந்த அட்டை போயிற்று, விரல்ரேகை வந்தது. பிறகு ஊசி போட்ட சான்று கேட்டார்கள், அதுவும் போயிற்று. இப்போது வருகைப் படிவத்தைப் புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் போனிலேயே போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறை சட்டம் மாறும்போதும் யாரோ ஒருவருக்கு வழி லேசாகிறது. அந்த யாரோ ஒருவர் நானாக இருந்ததே இல்லை.

3

ஆனால் ஒன்று நடந்தது. அலைந்து அலைந்து நான் இந்த விஷயத்தில் கில்லாடியாகிவிட்டேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் இந்தியாவுக்குப் போவதென்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பழனிக்கு நேர்ந்துகொண்டவர்கள், பட்டுச்சேலை எடுக்கப் போகிறவர்கள், பக்கத்து ஊர் திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருப்பவர்கள், எல்லோருக்கும் நான்தான் இந்தியாவுக்கான விசாவைப் போனில் போட்டுக் கொடுக்கிறேன். ஆப்பீஸ் கிளார்க்கை இன்னமும் கிராணி என்று சொல்லும் ஊர் இது. என்னைப் பாஸ்போர்ட் கிராணி என்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, முடிகிற தேதியை. நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது அதில் ஆயுள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இது தெரியாமல் பழனிக்குக் காவடியோடு கிளம்பிப் போய் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவர் எங்கள் லயத்திலேயே இருக்கிறார். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்கிறேன்: ஆறு மாதம், ஆறு மாதம்.

இவ்வளவு தெரிந்தவளால் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் போக முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு அப்பா போன தகவல் வந்த அன்று, என் பாஸ்போர்ட், பாஸ் நீட்டிப்பதற்காக ஆப்பீஸில் கொடுக்கப்பட்டிருந்தது. கையில் வெறும் ரசீதுதான். ரசீதைக் காட்டி விமானம் ஏற முடியுமா? செல்வியிடம் போனில் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒரு புக்கு உன் கையில இல்லங்கிறதுக்காகவா அப்பாவுக்கு வரல? மனசு இருந்தா வந்திருப்பக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள். மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள் என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசிவரை அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள். தோளில் சாய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். அதையெல்லாம் செய்ய அவளுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, தெருவைத் தாண்டினால் போதும். இதில் எனக்கு அவள் மேல் நன்றி இருக்கிறது. நன்றியை விடப் பொறாமை அதிகமாக இருக்கிறது.

என் வீட்டிலேயே இன்னொருத்தி இருக்கிறாள். என் மகள் தர்ஷினி, பதினேழு வயது. அவளுடையது மலேசியாவின் சிவப்புப் பாஸ்போர்ட். நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அப்பாவும் மகளும் தானாகத் திறக்கும் கதவில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நான் வெளிநாட்டினர் வரிசையில் நின்று, அதிகாரி என் பாஸைப் புரட்டிப் பார்த்து முடித்து வரும்போது, இருவரும் ரொட்டியே தின்று முடித்திருப்பார்கள்.

"அம்மா, எவ்ளோ லாமா நீங்க" என்று சலித்துக்கொள்வாள் தர்ஷினி. லாமா என்றால் நேரம் பிடிக்கிறது என்று அர்த்தம். அவளுக்குக் கோபம் மலாயில்தான் வரும், சந்தோஷம் இங்கிலீஷில் வரும். தமிழ் பசிக்கும்போது வரும்.

4

சில மாதம் கழித்துச் செல்வி டிக்கெட் போட்டுவிட்டாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு, பத்து நாளுக்கு. வருகைப் படிவத்தை அக்காவே போட்டுவிடட்டும் என்று பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு சனிக்கிழமை காலை, சேகர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போன பிறகு, அடுப்படியில் நின்றபடி அதைத் திறந்தேன்.

சிரிப்பு வந்துவிட்டது. போட்டோ ஒட்டிய பக்கத்தில், ஓரமாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு. போன் போட்டேன்.

"என்னடி இது, பாஸ்போர்ட்டுக்குப் பூ வைக்கல?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெச்சு கும்பிடறேன்க்கா. எங்க வீட்டுக்காரரு, அவரோட கம்பெனியில சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப எடுத்தது. அது நின்னு போச்சுல்ல. புள்ளைங்க புஸ்தகத்தோட இதையும் வெச்சிருவேன். பேரு இருக்கிற பக்கத்தைத் தொறந்து பொட்டு வெச்சா சீக்கிரம் பறக்கலாம்னு ஒரு நெனப்பு."

"துடைச்சிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு."

"சாமி பொட்டுக்கா, அழிக்கக் கூடாது. போய்ட்டு வந்துதான் அழிப்பேன். தெரியுதுல்ல எல்லாம்?"

"தெரியுது" என்றேன்.

எல்லாம் தெரியவில்லை. பாஸ்போர்ட் முடிகிற தேதியின் மேல் குங்குமம் பாதி இறங்கியிருந்தது. மாதம் மறைந்திருந்தது. ஆனால் பாஸ்போர்ட் கிராணிக்கு அது ஒரு தடையா? அந்தப் பக்கத்தின் அடியில் எழுத்தும் எண்ணும் அம்புக்குறிகளுமாக இரண்டு வரி ஓடும். இயந்திரம் படிப்பதற்கு. பிறந்த தேதியும் முடிகிற தேதியும் அதிலும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த வரியைப் படித்தேன். விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

அவள் வந்து இறங்கும் நாளிலிருந்து ஐந்து மாதமும் சில நாட்களும்தான் இருந்தது.

புறப்பட இன்னும் இரண்டு நாள். அப்போதே சொல்லியிருந்தால் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கலாம். அவசரப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கலாம். நான் வேறு யாருக்கென்றாலும் அந்த நிமிடமே கத்தியிருப்பேன். கதவைத் தட்டிவந்த முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கத்தியிருக்கிறேன்.

செல்விக்குக் கத்தவில்லை. படிவத்தில் அந்தத் தேதியைச் சரியாக அடித்தேன். நிரப்பிய பக்கத்தைப் படம் பிடித்து, சரிபார்த்துக்கொள் என்று அவளுக்கே அனுப்பினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது பொய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புத்தகம் சரியில்லை என்று அவளையும் யாராவது ஒரு கவுன்ட்டரில் நிறுத்தட்டும் என்று நினைத்தேன். மனசு இருந்தாலும் போக முடியாத நாள் ஒன்று உண்டு என்று அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். இதுதான் உண்மை.

ஆனால் அதே இரண்டு நாளும் அவளுக்காக வீட்டைக் கழுவினேன். குளிருக்குக் கம்பளி வாங்கி வைத்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று அதிரசத்துக்கு மாவு பிசைந்தேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான்.

5

அவளை அழைத்துவர மலையிலிருந்து இறங்கினோம். வளைவுகளில் சேகர் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் தர்ஷினி சித்திக்கென்று ஒரு அட்டையில் பூப்படம் வரைந்து, தமிழில் "வருக" என்று எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லாமல் அவளே தமிழில் எழுதியிருந்தாள்.

தாப்பாவில், மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் போன் அடித்தது.

"அக்கா" என்றாள். அதற்கு மேல் அழுகை. திருச்சி ஏர்போர்ட்டின் அறிவிப்புச் சத்தம் பின்னால் கேட்டது.

"என்னடி, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போலக் கேட்டேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"விட மாட்டேங்கிறாங்கக்கா. பெட்டிய வாங்கற பொண்ணு பொட்டைப் பாத்து முறைச்சுச்சு. கட்டை வெரலால தொடச்சுப் பாத்துச்சு. அஞ்சு மாசந்தான் இருக்கு, ஆறு மாசம் வேணும், ஏற முடியாதுங்குது. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"சரி, அழாத."

"என் தப்புதான்க்கா. பொட்டு வெக்காம இருந்திருந்தா நீ தேதியப் பாத்துச் சொல்லியிருப்ப. நீ எத்தன பேருக்குப் பாத்துக் குடுக்கற. நானே மறைச்சு வெச்சுட்டேன்."

அதுதான் சொல்ல வேண்டிய நேரம். சேகரும் தர்ஷினியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டு மறைச்சிருச்சாம்" என்று அவர்களிடம் சொன்னேன்.

"அடக் கடவுளே" என்றார் சேகர். "சாமி கும்பிட்டது தப்பாப் போச்சா? சரிலா, விடு, அடுத்த மாசம் வரட்டும்."

தர்ஷினி அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி மலை ஏறினோம். வழியெல்லாம் நான் எதிர்பார்த்த நிம்மதி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து அதிரச மாவை மூடி வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

லயத்தில் செய்தி பரவியது. பொட்டால் வந்த வினை என்று சிரித்தார்கள். பாஸ்போர்ட் கிராணி வீட்டுக்கே இப்படியா என்று கேட்டார்கள். பொட்டு மறைத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சரளமாக வந்தது.

6

ஆறு வாரம் கழித்துச் செல்வி வந்தாள். புதுப் பாஸ்போர்ட், பத்து வருட ஆயுள், ஒரு பொட்டும் இல்லை. படிவத்தை நானேதான் மறுபடியும் போட்டேன். நீ போட்டாத்தான் ராசி என்று அவள் சொன்னாள். தேதியை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏர்போர்ட்டில் நாங்கள் வந்து நின்று மூச்சு விடுவதற்குள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஒரு கேள்வி கூடக் கேக்கலக்கா! விரலை வெக்கச் சொன்னாங்க, போகச் சொன்னாங்க" என்றாள். பழையபடி வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் எரிந்தது.

தேயிலையைப் பார்த்து, இதென்ன மலைக்கே முடி வெட்டிவிட்ட மாதிரி இருக்கு என்றாள். சந்தையில் சோளம் தின்றாள். சேகரின் லோரியில் முன்னால் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். தர்ஷினிக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடம் ஒரு வாரத்தில் பேசும் தமிழை அவளிடம் ஒரு நாளில் பேசினாள். அதற்கும் எனக்கு எரிந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் நாள் பிற்பகல், மழை. நான் அடுத்த பாஸ் நீட்டிப்புக்கு நகல் எடுப்பதற்காகக் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தேன். செல்வி சும்மா இராமல் என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினாள். அட்டை நைந்து, எழுத்து அழிந்துபோன புத்தகம் அது.

"ஒரே ஸ்டிக்கரா இருக்கேக்கா. இத்தன தடவையா?"

"இதுக்கு முன்னாடி இன்னொரு புக்கு இருக்கு. அதுவும் இப்படித்தான்."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றாள். அங்கே ஒட்டியிருந்த பாஸில் கொடுத்த நாள் அச்சாகியிருந்தது. விரலை அதன் மேல் வைத்தாள்.

"இது அப்பாவுக்குப் பால் தெளிச்ச நாளு."

"ஆமா. அன்னைக்குத்தான் புக்கைத் திருப்பிக் குடுத்தாங்க."

அவள் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை வருடம் எப்படியெல்லாம் சொல்லிப் புரியவைக்க நினைத்தேனோ, அது ஒரு சின்ன எண்ணில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் நம்பலக்கா" என்றாள். "ஊரு பூரா வேற சொல்லிட்டேன். தப்புதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனாள். என் போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"அக்கா, இது எப்ப முடியுதுன்னு பாத்தியா?"

"பாஸா? அது மார்ச்சு வரைக்கும்."

"பாஸ் இல்லக்கா. பாஸ்போர்ட்டு. இதுல இன்னும் ஏழு மாசந்தான் இருக்கு. அடுத்த மாசம் தாண்டுனா ஆறுக்குக் கீழ போயிரும். அப்புறம் யாருக்காச்சும் ஏதாச்சும்னா எப்படிக் கெளம்புவ? புக்கே முடியுதுன்னா பாஸை எது மேல ஒட்டுவாங்க? நாளைக்கே போய் எழுதிக் குடு. ஏன்க்கா, ஊருக்கெல்லாம் நீ பாத்துச் சொல்ற, உனக்கு யாரும் சொல்லலையா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வருடா வருடம் பாஸின் தேதியை மட்டுமே பார்த்துப் பார்த்து, அதைச் சுமக்கும் புத்தகத்தின் தேதியை நான் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தாள். பார்த்த அந்த நொடியே சொன்னாள்.

"செல்வி, உன்னோடதை நான் பாத்தேன்டி" என்றேன். "அன்னைக்கு. பொட்டுக்கு அடியில இருந்ததை. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஃபாரத்தை நெரப்பி எனக்குப் படம் அனுப்புனல்ல. அதுல தேதி இருந்துச்சே. அன்னைக்கு உனக்குப் போன் பண்ணிட்டு, வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போக வர்ற வரைக்கும் ஏர்போர்ட்டுலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். பொட்டு மறைச்சிருந்தா அக்கா எப்படி சரியா அடிச்சான்னு."

"அப்ப ஏன்டி ஒண்ணுமே கேக்கல? ஆறு வாரமா என்கிட்ட நல்லாத்தானே பேசுன?"

செல்வி பாஸ்போர்ட்டை மூடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள்.

"நீ இங்க வந்தப்ப, உன்ன பிளேன் ஏத்திவிட்டுட்டு நான் ஒரு வாரம் சாப்பிடல. உன்ன நெனச்சு இல்ல. அந்த மாப்ளைக்கு என்னையக் காட்டியிருக்கலாமேன்னு. பாஸ்போர்ட்டுக்குப் பொட்டு வெச்சதெல்லாம் அந்த வயித்தெரிச்சல்தான். அதனால உன்னோடது எனக்குப் புரிஞ்சுது. கேட்டா நீ அழுவ. அப்புறம் நான் எப்படி இங்க வர்றது?" என்றாள். பிறகு எழுந்து, "தேத்தண்ணி போடவா, எனக்கும் இந்த ஊரு டீத்தூளு பழகிருச்சு" என்று அடுப்படிக்குப் போனாள்.

ஒரு கவுன்ட்டரில் அழவைத்த அக்காவை ஒரு வார்த்தை திட்டாமல், அவளுக்கே தேத்தண்ணி போட்டுக் கொடுக்கும் மனசு என் தங்கைக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. ஊரும், அப்பாவின் கடைசி நாட்களும், விசா வேண்டாத வழியும், என் மகளின் தமிழும் போதாதென்று, அந்த மனசும் அவளுக்கே போயிருக்கிறது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.